வேறு யாரோ செய்த இரண்டாம் பாகம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சித்தூரில் எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் ஆகாததற்கு என் வாய்தான் காரணம் என்று என் அண்ணியே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட நான், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வந்து, பத்தாவது படிக்கிற அவர் மகளுக்கு முன்னால் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் என்னை எதுவென்றும் கூப்பிடவில்லை. அம்மா என்று வேண்டாம், சின்னம்மா என்றாவது சொல்லக்கூடாதா? தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "நைனா, சொம்ப எங்க வெச்சாங்கன்னு கேளு" என்று அப்பாவிடம்தான் சொல்வாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

பரீட்சை முடிந்த கையோடு ஒரு ஹாஸ்டல் ஃபாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கத் திருப்பதிக்குப் போகிறாளாம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தினமும் போய்வருகிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் ஹாஸ்டல்தான் வேண்டும். "கையெழுத்துப் போடாதீங்க, போனா அப்பறம் விருந்தாளியாத்தான் வருவா" என்று அவரிடம் கெஞ்சினேன். அவரும் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை வாங்கிக் கொடுத்தார். டிவியில் மாட்டி ஆடுவது. வேற்றுக் கிரகம், கனத்த கவசம், பனிக்குள்ளிருந்து பாய்கிற ஜந்துக்கள், சுட்டுக்கொண்டே போக வேண்டும். முதல் பாகத்தை அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். கேப்டன் என்று ஒரு பெண் வருவாள், அது அம்மாவின் வேஷம். கதை முடிவில் கேப்டன் செத்துப்போவாள். அதற்கு அடுத்த வருடம் அம்மாவே போய்விட்டார். அந்த கேமைச் செய்த கம்பெனியையும் மூடிவிட்டார்களாம். இரண்டாம் பாகத்தைச் செய்தது வேறொரு புதுக் கம்பெனி.

"வேற எவனோ பண்ணது, நைனா. நாசம் பண்ணி வெச்சிருப்பானுங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னைச் சொல்லவில்லைதான். ஆனாலும் அவள் ஆட ஆரம்பித்ததும் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்தேன். கர்த்தாவே, இந்தப் புதுக் கம்பெனிக்காரர்கள் எதையும் கெடுத்திருக்கக் கூடாது என்று ஜெபம் செய்தேன். சிரிக்காதீர்கள். அவர்களை அவள் மன்னித்தால் எனக்கும் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் கதிகெட்டுப் போயிருந்தேன்.

ஏனென்றால் நான் செய்யாதது எதுவும் பாக்கி இல்லை. அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் சோம்பு வறுத்துப் போடுவாராம், நானும் போட்டேன். கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். எல்லாம் ஈயடிச்சான் காப்பி. ஈஸ்டர் அன்று அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "எங்கம்மா கொழம்பு மாதிரியே பண்ணாதீங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆடுவதற்குச் சதை இல்லையே, நான் எங்கே போவேன்?

நான்கு நாள் ஆடினாள். ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவர், "எப்டி இருக்குது கேமு?" என்று கேட்டார். அந்த வருடத்தில் அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நல்லா இருக்குது, நைனா. கேப்டன உயிரோட கொண்டாந்துருவானுங்கன்னு பயந்துக்கினே இருந்தேன். கொண்டாரல. அவங்க ரூம பூட்டியே வெச்சிருக்கானுங்க. புதுசா ஒரு பொம்பள வர்றா. கேப்டன் மாதிரி பேசல. கேப்டன் கவசத்தப் போட்டுக்கல. துப்பாக்கியும் வேற. வான்னு சொன்னா கூட வருவா, வராதன்னா அங்கயே நிப்பா. விட்டுட்டுப் போனாலும் கேம் நம்மள ஒண்ணும் சொல்லாது. அதக் கரெக்டா பண்ணிருக்கானுங்க."

"நீ என்னா பண்ண?"

"மூணாவது லெவல்ல விட்டுட்டுப் போய்ட்டேன்."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அப்போ அவ கதி என்னா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "தெரியாது. நான் திரும்பிப் போய்ப் பாக்கல."

அடிப்பாவி! எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு வருடமாக உன் துணியைத் துவைத்திருக்கிறேன், உனக்கு ஜுரம் வந்தபோது உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்காட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போகட்டும்" என்றேன். அவர் என்னை விழித்துப் பார்த்தார். பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் கிடையாது. பிடித்துவைக்க என் கையில் என்ன இருந்தது? அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பிறந்த வீட்டு வழக்கப்படி கருவாட்டுக் குழம்பு வைத்தேன். "உப்பு கம்மி, நைனா" என்றாள். ஆனால் தட்டைத் தள்ளவில்லை.

அவள் கிளம்புகிற அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். சந்திரகிரி தாண்டிவிட்டது, திருப்பதிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். இரண்டு மணி நேரத்தில் ஏதாவது ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று என்னென்னவோ யோசித்தேன். கடைசியில், "பெட்ஷீட்டு ரெண்டு வெச்சிருக்கேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். அவளிடம் தெலுங்கில், "எவரு ஈமெ? மீ அம்மனா?" என்று கேட்டான். இவங்க யாரு, உங்க அம்மாவா என்று.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காது" என்றாள். இல்லையாம். பிறகு சாதாரணமாக, ஊரில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுபோல, "மா பின்னி" என்றாள். எங்கள் சித்தி.

வீட்டுத் தமிழில் ஒரு வருடமாக அவள் வாயில் வராத முறை, வெளியே தெலுங்கில் வந்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். என்னிடம் சொல்ல வேண்டியதை வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய்விட்டாள்.