சரோஜா டீச்சரின் கேசட்டில் நான் வெட்டிய இடங்கள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்து மருந்துக்கடைக்கு எனக்குப் போன் வந்தது. பேசியவர் கான்சாபுரத்துக்காரர். அவர் மகளும் என் மகனும் டீச்சரிடம் ஒரே மாடிப்படி ஏறியவர்கள். "பாய், நம்ம சரோஜா டீச்சர் காலையில போயிட்டாங்க. நெஞ்சுவலி" என்றார். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடைக்கு வந்து, பிரித்துப்போட்டிருந்த டேப் ரிக்கார்டரை மூடித் திருகாணி முடுக்கி, உரியவரிடம் கொடுத்தும் விட்டேன். மறுநாள் அவர் சத்தமே வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்பீக்கர் வயரைச் சேர்க்காமலே மூடியிருக்கிறேன்.

ராஜபாளையத்தில் ரேடியோ, டேப் பழுதுபார்க்கிறவன் நான். ஒன்பதாம் வகுப்பு என்னை இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது. டீச்சரைப் பற்றிப் படித்தவர்கள்தான் எழுத வேண்டும். ஆனால் அவருடைய ஆராய்ச்சியைக் கெடுத்தவன் என்ற தகுதி எனக்கு மட்டுமே உண்டு.

எண்பத்தெட்டில் என் மகன் அன்வருக்கு நாலரை வயசு. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சும் இல்லை. காதைச் சோதித்தார்கள், காது நன்றாக இருந்தது. தர்காவில் ஓதிப் பார்த்தோம். கடைசியில் யாரோ சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் டீச்சரிடம் பஸ் ஏறினோம். அன்வர் அப்போதெல்லாம் பவுடர் டப்பா மூடி ஒன்றைத் தரையில் உருட்டிக்கொண்டே இருப்பான். டீச்சர் அதைப் பிடுங்கவில்லை. இன்னொரு மூடியை எடுத்து, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் உருட்டினார். ஒரு மணி நேரம் அதுதான் வைத்தியம். "இதைப் பாக்கவா கைவேலையைப் போட்டுட்டு வந்தோம்?" என்று என் மனைவி ஜமீலா என் காதில் முணுமுணுத்தாள். டீச்சருக்குக் கேட்டுவிட்டது. "இதுக்குத்தாம்மா நான் மதுரையில அஞ்சு வருஷம் படிச்சேன்" என்று சிரித்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நடப்பதை அவர் டேப்பில் பிடிப்பார். பிறகு அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவார். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் டீச்சர் செய்தது, அந்தப் பக்கம் அன்வர் செய்தது. என் மகனிடம் உள்ள கோளாறைத்தான் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது, "அவனை மட்டும் இல்ல பாய். நான் என்ன செஞ்சா அவன் என்ன செய்றான், அவன் என்ன செஞ்சா நான் என்ன செய்றேன், அதைப் பாக்கேன்" என்றார். தலையாட்டினேன். விளங்கவில்லை.

மதுரையில் இருந்த அவருடைய பேராசிரியருக்கு அனுப்ப, ஆறு கேசட்டுகளை என்னிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னார். போட்டுக் கேட்டால், டீச்சர் ஒரு வார்த்தை பேசுகிறார், பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. எம்புட்டு டேப் வீணாகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. சும்மா கிடந்த இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, பேச்சை மட்டும் கோத்து, ஆறை ஒன்றாக்கினேன். பழைய ஆறையும் சுத்தமாக அழித்துப் புதுசுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாராட்டுக்காக நின்றேன்.

டீச்சர் போட்டுக் கேட்டார். முகம் வெளுத்துப்போனது. "நான் பேசுனதை மட்டும் வச்சிருக்கீங்க பாய்" என்றார். கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, "நீங்க வெட்டுன இடத்துலதான் உங்க பையன் பதில் சொல்லிக்கிட்டிருந்தான்" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. எனக்கு ஓர் அசட்டுச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் அழிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் புதிதாகப் பிடித்த கேசட்டைப் போட்டு, ஹெட்போனை என் தலையில் மாட்டினார். "அன்வர்" என்று டீச்சர் ஒரே ஒரு முறை கூப்பிடுகிறார். மூடி உருள்கிறது, உருள்கிறது. பிறகு நிற்கிறது. ஒரு மூச்சு கேட்கிறது. மறுபடி உருள்கிறது. "நின்னுச்சுல்ல? அதுதான் அவன்" என்றார் டீச்சர். வீட்டில் நான் அவனைப் பத்துத் தடவை விடாமல் கூப்பிடுவேன். அவன் நிறுத்துவதற்கு நான் இடமே விட்டதில்லை. நாலரை வருஷம் பதில் சொல்லாதது அவன் இல்லை என்று தோன்றியது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன்.

டீச்சர் தன்னையும் விட்டதில்லை. ஒருநாள் டேப்பை நிறுத்தி, "இங்க பாருங்க, அவன் திரும்பப் போறான், அதுக்குள்ள நான் வாயைத் தொறந்துட்டேன்" என்று நோட்டில் தன் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டார். அன்று தைரியம் வந்து கேட்டேன், என்றைக்காவது அவன் என்னை அத்தா என்று கூப்பிடுவானா என்று.

"தெரியாது பாய். ஆனா அவனுக்கு உங்களைத் தெரியும். நீங்க படியேறுற சத்தம் கேட்டா மூடி நிக்குது. எழுதி வச்சிருக்கேன்."

பத்து வருஷம் ஆகிறது. அவன் கூப்பிடவில்லை. 'தெரியாது' என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அன்வருக்கு இப்போது பதினாலு வயசு. அவனிடம் எப்படிச் சொல்வது? அவனுக்கு என்ன விளங்கப் போகிறது என்று சொல்லி ஜமீலா அழுதாள். சனிக்கிழமை காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சர் இறந்துட்டாங்க. இனிமே இருக்க மாட்டாங்க" என்று ஒரு முறை சொன்னேன். மறுபடி சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் கழித்து எழுந்துபோய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

போனோம். மாடிக் கதவு பூட்டியிருந்தது. அவன் மேல் படியில் உட்கார்ந்தான். நான் கீழ்ப் படியில் உட்கார்ந்தேன். வா போகலாம் என்றோ, அவங்க வர மாட்டாங்க என்றோ நான் சொல்லவில்லை. அவரிடம் நான் கற்றது அது ஒன்றுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் எழுந்த பிறகுதான் நானும் எழுந்தேன்.