சேவல் கொண்டை சாட்சி

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் வாலிபம் திரும்ப ஊசிமருந்து விற்கும் ஒரு ஏஜெண்டு. மீசையில் மை, மடியில் அத்தாட்சிக்கு ஒரு சேவல். வார்த்தைக்கு வார்த்தை அதன் கொண்டையைத் தடவிக்கொண்டார்.

“சீமையில டாக்டருமாரு காளை விதையிலேருந்து சத்தெடுத்து, காயடிச்ச சேவலுக்குப் போட்டாவ. சூம்பிப்போன கொண்டை செவந்து நிமிந்துட்டு! மனுசனுக்குச் சொல்லணுமா?”

வழியில் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அவர் மட்டும் அசையவில்லை.

“அண்ணாச்சி, நீங்களும் ஒரு கை கொடுக்கலாம்லா?” என்றேன்.

“இடுப்பு புடிச்சிருக்கு தம்பி. நீங்க தள்ளுங்க, நான் சேவலப் பாத்துக்கிடுதேன்.”

மூச்சிரைக்கத் தள்ளிவிட்டு ஏறியவர்கள், ராஜபாளையம் வருவதற்குள் அவருடைய மருந்து முழுவதையும் வாங்கித் தீர்த்தார்கள். அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டதும் அவர்கள்தான். அந்த விஞ்ஞானம் மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.