எடைமேடையின் முதல் பதிவு

என் அப்பா வெள்ளைத்துரை, வாடிப்பட்டியில் ஒரு நெல் மில்லின் எடைமேடையைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டார். லாரி ஏறி நின்றதும் எடையை உரக்கச் சொல்வார். அவர் சொன்னால் நெல் கொண்டுவந்தவர்கள் சீட்டைப் படிப்பதில்லை.

தினமும் காலையில் மேடையைச் சோதிக்க, தன் டிவிஎஸ் வண்டியோடு அவரே ஏறி நிற்பார். 135 கிலோ. "ஒங்கம்மா சோறு போடுற வரைக்கும் இது மாறாது" என்பார்.

எடையைப் பதிவது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவள் நான். சென்னையில் மென்பொருள் வேலை. அந்த லினக்ஸின் அடுத்த பதிப்பு பழைய பிராசசர்களில் ஓடாது என்று அறிவித்தார்கள். மில் முதலாளி அழகுபாண்டி புதிது வாங்கத் தயார். ஓடுவதை ஏன் தூக்கிப்போட வேண்டும் என்று அப்பாதான் மறுத்தார். தேடினேன். எங்கோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் அதே பதிப்பைப் பழைய பிராசசர்களுக்கென்று தயாரித்து இலவசமாகத் தந்துகொண்டிருந்தார். பொங்கல் விடுமுறையில் அதைப் போட்டேன்.

பங்குனியில் அப்பா போன் செய்தார்.

"நீ மாத்துன பெறகு தராசு பத்துக் கிலோ கொறைக்குது தாயி. ஊரார் நெல்லு. சரி பண்ணு."

நான் நம்பினேன். அவர் மெலிந்திருப்பதாக அம்மா சொன்னபோது வெயில் என்றேன். தயாரித்தவருக்கு, அப்பா வண்டியோடு ஏறி நின்றால் 135 காட்டிய மேடை இப்போது 125 காட்டுகிறது, உங்கள் பதிப்பில் பிழை என்று கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன்.

அவர் கோபப்படவில்லை. பதிவுகள் முழுவதையும் கேட்டு வாங்கினார். இரண்டு வார இறுதிகள் செலவிட்டார். பிறகு எழுதினார்: "அதே லாரிகளின் காலி எடை பதிப்பை மாற்றுவதற்கு முன்பும் இப்போதும் ஒன்றுதான். தராசு சரி. தினமும் காலையின் முதல் பதிவு மட்டுமே குறைந்துகொண்டு வருகிறது. வண்டியோடு நிற்பவரை டாக்டரிடம் காட்டுங்கள்."

வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்யும் நிலையில் இருந்தது. கண் விழித்த அப்பா முதலில் சொன்னது, "மெஷின் மேல பழி போட்டுட்டேனே. அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை எழுதிரு."

பதினாலு மாதம் கிடைத்தது. அதில் இரண்டு அறுவடைக்கு மேடையில் நின்று எடை சொன்னார். போன வைகாசியில் இறந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. அதைத் தயாரிப்பவர் புதிய பதிப்பை வெளியிடுமுன் நான் வாடிப்பட்டி போய் அதில் சோதித்துச் சொல்கிறேன். அப்பாவின் வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்வேன்.

60 காட்டும். சரியாக இருக்கிறது என்று அவருக்கு எழுதுவேன்.