சூப்பர்வைசரம்மாவின் ஷிஃப்ட்

பதினொரு வருடமாக இந்த முதியோர் இல்லத்தில், ஞாபக மறதி உள்ளவர்களின் மாடியில் வேலை பார்க்கிறேன். யாருக்கு எப்போது கோபம் வரும், யாருக்கு மாத்திரையைவிடப் பேச்சு முக்கியம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான் என்றாலும் தப்பில்லை. அப்பேர்ப்பட்ட நானே சூப்பர்வைசரம்மாவிடம் மண்ணைக் கவ்வினேன்.

அந்த அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவை முப்பது வருடம் கட்டி மேய்த்தவர். எங்களிடம் வந்தபோது மகள் பேர் மறந்திருந்தது. எட்டாம் நம்பர் அறையில் கூடவே தங்கியிருக்கும் கணவரையும் யாரென்று தெரியாது. வேலை மட்டும் மறக்கவில்லை. காலை ஒன்பது அடித்தால் போதும், அறை அறையாகப் புகுந்து, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை உருவுவார். பத்தாம் நம்பர் பெரியவர் ஒரு நாள் உருண்டு விழப் பார்த்தார். அவர் மகன் வந்து குதி குதியென்று குதித்தார்.

மேனேஜர் கெடு வைத்தார். இரண்டு வாரத்தில் இது நிற்காவிட்டால் அந்த அம்மா மேல் மாடிக்குப் போக வேண்டும். அது பூட்டுப் போட்ட பிரிவு. கணவர் கூடப் போக முடியாது. ஐயா என்னிடம் வந்து நின்றார்.

"தினமும் காலையில அவ கண்ணாடியை நான்தாம்மா தொடைச்சுப் போட்டுவிடுறேன். மேல யாரு போட்டுவிடுவாங்க?"

என் மூளை சும்மா இருக்குமா? இருபது துண்டுகளை மேசையில் குவித்து, மடித்துத் தரச் சொன்னேன். மளமளவென்று மடித்தார். அடுக்கைக் குளியலறைக்கு எடுத்துப்போய் உதறிக் கலைத்து, புதுச் சலவை என்று சொல்லி மறுபடி கொண்டுவந்து கொட்டினேன். மூன்று நாள் ஒரு விரிப்பும் உருவப்படவில்லை. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் ஒரு துண்டின் நடு மடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நான் மடிச்சது. என் கை எனக்குத் தெரியாதா? யாரை ஏமாத்துற?"

துண்டுகளைத் தரையில் தள்ளிவிட்டுப் போனவர், பத்தே நிமிடத்தில் மூன்று கட்டில்களை மொட்டையாக்கினார். மேனேஜர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் தலை தூக்க முடியவில்லை. மகள் பேரே மறந்தவரை ஏமாற்றுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் சலவை அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கட்டிடம் முழுவதற்குமான துண்டுகள் அங்கேதான் வெளுத்து வரும். மடிக்க ஆளில்லை என்று தினமும் புலம்புகிறவர்கள், அந்த அம்மாவிடமா கொடுப்பது என்று மூக்கைச் சுளித்தார்கள். நான் விடவில்லை. ஒன்பது மணிக்கு நிஜ வண்டியில் நிஜ வேலை வந்தது. எண்பது துண்டு. மடித்தவை உண்மையிலேயே எல்லா மாடிக்கும் போயின. பதினோரு மணிக்கு அம்மா நிமிர்ந்து, டீ எங்கே என்று கேட்பார். ஐயாவும் எதிரில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார். கோணல்மாணலாக மடிப்பார், திட்டு வாங்குவார், பிரித்து மறுபடி மடிப்பார்.

கெடு முடிந்த அன்று மேனேஜர் வந்தார். பத்து நாளாக ஒரு விரிப்பும் உருவப்படவில்லை என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசரம்மா எழுந்துபோய் அவர் முன்னால் நின்று, ஐயாவைக் கைகாட்டினார். கழுத்தில் அட்டை தொங்கினால் மேலதிகாரி என்பது அவருக்கு மறக்கவில்லை.

"சார், இந்த ஆளு புதுசு. பேரு கூடத் தெரியாது. வேலையும் சுமார்தான். ஆனா எவ்வளவு திட்டினாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டார். இவரை வேற பிரிவுக்கு மாத்திடாதீங்க. என் ஷிஃப்ட்லயே இருக்கட்டும்."

மேனேஜர் தலையாட்டினார்.

"சரிங்கம்மா. ரெண்டு பேரையும் மாத்தல."

ஐயா குனிந்த தலை நிமிராமல் கையிலிருந்த துண்டை மடித்தார். அதுவும் கோணலாகத்தான் வந்தது. அம்மா அதை வாங்கிப் பிரித்து, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.