கடி பார்த்துச் சேர்த்த அலகுகள்

1. செவ்வாய்க்கிழமை

என் மேசைமேல் இருபத்திரண்டு மேல் அலகுகளும் இருபத்திரண்டு கீழ் அலகுகளும் கிடந்தன. எந்த மேல் அலகு எந்தப் பறவையுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவற்றைப் பார்வையிட வியாழக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஒரு பறவை ஆராய்ச்சி டாக்டர் வருகிறார். அப்படிக் கலந்து வைத்த புண்ணியவதி வேறு யாருமில்லை, நான்தான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஜொகூர் பாருவில் ஒரு டெண்டல் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். நான் அதை ஸ்டோன் என்ற கெட்டிச் சுண்ணத்தில் வார்த்து, வேக்ஸில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் பல்செட்டு செய்து கொடுப்பேன். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே வீட்டில் உட்கார முடியவில்லை. செடெனாக் ஊரில் எங்கள் வீட்டில் இருந்த எல்லா டப்பாக்களையும் இரண்டு முறை அடுக்கிவிட்டேன், மூன்றாம் முறை அடுக்க ஆரம்பித்ததும் என் கணவரே வேலை தேடிக் கொடுத்தார். கெலாங் பாத்தாவில் கண்காட்சிகளுக்கு மாடல் செய்யும் ஒரு பட்டறை. முதலாளி நசீர் என்னைவிட இருபது வயது இளையவர். எனக்கு அவர் பாஸ், அவருக்கு நான் ராஜிக்கா.

புதிய வேலை 'தீவுச் சிட்டுகள்' என்ற கண்காட்சி. கடல் நடுவே தனித்துக் கிடக்கும் தீவுகளில் வாழும் ஃபின்ச் குருவிகள், வாழ்ந்து அழிந்துபோனவை, இரண்டும் வேண்டும். நம் வீட்டு வேலியில் புல்விதை கொத்தும் பிப்பிட் குருவி அளவுதான் பல பறவைகள். ஆனால் அலகைப் பார்த்தால் ஒன்று கொட்டை உடைக்கும் இடுக்கி மாதிரி, ஒன்று ஊசி மாதிரி, ஒன்று அரிவாள் மாதிரி. இரவல் கொடுத்த வெளிநாட்டு அருங்காட்சியகம் இருபத்திரண்டு பறவைகளின் அலகு வார்ப்புகளை ஒரு பெட்டியில் அனுப்பியிருந்தது. அவற்றைப் பார்த்து நான் நகல் எடுத்து, சாயம் பூசி, பறவை உடல்களில் பொருத்த வேண்டும். வாய் வேலை என்பதால்தான் நசீர் என்னிடம் கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2. ஒரு ஆளுக்கு ஒரு பான்

டெண்டல் லேபில் நுழைந்த முதல் நாளே கற்பது ஒன்று: ஒரு ஆளுக்கு ஒரு பான். நோயாளியின் மேல் மாடல், கீழ் மாடல், டாக்டரின் சீட்டு மூன்றும் பான் என்ற ஒரே பிளாஸ்டிக் தட்டில் இருக்கும். ஸ்டோன் காயும்வரைகூட வேறு பானில் வைக்கக்கூடாது. இதை மீறியவர்களை நான் திட்டியிருக்கிறேன். ஒருத்தியை அழவும் வைத்திருக்கிறேன்.

அந்த நானே பறவைகளுக்குப் பான் வைக்கவில்லை. குருவிக்கு எதற்குப் பான் என்று நினைத்துவிட்டேன். கீழ் அலகுகளின் உட்புறம் மையால் நம்பர் எழுதியிருந்தது. மேல் அலகுகளில் நூலில் கட்டிய டேக் மட்டும்தான். அந்த நூல் அச்செடுக்க ஊற்றும் சிலிக்கானில் சிக்கி அச்சைக் கெடுத்தது. எனவே இருபத்திரண்டு நூலையும் வெட்டி, டேக்குகளை ஒரு கப்பில் போட்டேன். பிறகு மேல் அலகுகளைச் செயற்கைப் பல் ஸ்டாக்கை அடுக்குவதுபோல வடிவம் பார்த்துத் தட்டில் அடுக்கினேன். தடித்தவை முதல் வரிசை, கூரானவை நடு வரிசை, வளைந்தவை கடைசி. கீழ் அலகுகளுக்கும் அப்படியே ஒரு தட்டு. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. போட்டோகூட எடுத்து என் அக்காவுக்கு அனுப்பினேன்.

கண்காட்சியின் பொறுப்பு தாரிணியிடம் இருந்தது. சிகாமட் பெண், இருபத்தாறு வயது. கண்காட்சி வைக்கும் நிறுவனத்தில் காண்ட்ராக்ட் வேலை, அவள் தனியாக நடத்தும் முதல் கண்காட்சி இது. இது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை என் தட்டைப் பார்த்தவள் கையிலிருந்த பால் கலக்காத தே ஓவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆண்ட்டி, டேக்லாம் எங்க?"

"கப்புல இருக்கு. நூல மட்டும்தான் வெட்டினேன்."

"எது எதோடதுன்னு தெரியுமா?"

நான் தட்டைப் பார்த்தேன். முதல் வரிசையில் மட்டும் தடித்த அலகுகள் ஏழு இருந்தன.

"எரவல் அக்ரிமெண்ட்ல மொத லைனே அதான் ஆண்ட்டி. டேக்க அவுக்கக் கூடாதுன்னு. நான்தான் சைன் வச்சேன்."

"போட்டோ லிஸ்ட் ஒண்ணும் குடுக்கலையா?"

"பேரும் நம்பரும் மட்டும்தான். மெயில் போட்டுக் கேட்டா பெட்டியத் திருப்பி அனுப்புன்னுதான் சொல்வாங்க. பெட்டி போனா கண்காட்சி இல்ல. நானும் இல்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என் விஷயத்தில் முழு உண்மையாகிப்போனது.

3. கடி

அன்று மதியம்வரை நான் செய்தது இன்னொரு தவறு. தடித்த மேலுக்குத் தடித்த கீழ், வளைந்த மேலுக்கு வளைந்த கீழ் என்று கண்ணால் ஜோடி போட்டேன். கடைசியில் அரிவாள்போல நீண்ட ஒரு மேல் அலகும், அதில் பாதி நீளம்கூட இல்லாத நேரான ஒரு கீழ் அலகும் மிஞ்சின.

"இது ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்?" என்றேன்.

தாரிணி பெயர்ப் பட்டியலைப் பார்த்து, போனில் படம் தேடிக் காட்டினாள். ஹவாயில் அகியாபோலாவ் என்று ஒரு பறவை. அது குட்டையான கீழ் அலகால் மரப்பட்டையைக் கொத்தும், நீண்ட மேல் அலகால் புழுவைக் கொக்கிபோட்டு இழுக்கும். மிஞ்சிப்போனவை என்று நான் நினைத்தவைதான் சரியான ஜோடி.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. முப்பத்து நான்கு வருடமும் மேல் வாயையும் கீழ் வாயையும் சேர்த்து வைத்துப் பிழைத்தவள், அழகு பார்த்துச் சேர்ப்பேனா? கடியைத்தானே பார்ப்பேன்? பெட்டியிலிருந்து என் பழைய நீலத் தாளை எடுத்தேன். மேலும் கீழும் கடிக்கும்போது எங்கே படுகிறதோ அங்கே நீலப் புள்ளி விழும். அசல் வார்ப்புகளில் மை படக்கூடாது என்பதால் நான் வார்த்திருந்த நகல்களில் பார்த்தேன்.

ஒவ்வொரு வாயாகச் சேர ஆரம்பித்தது. அகெபா என்ற ஹவாய்ச் சிட்டுக்கு அலகு நுனி ஒன்றையொன்று லேசாகத் தாண்டிப் போகும். எங்கள் பாஷையில் கிராஸ் பைட். மற்றவர்களுக்கு அது கோணல். எனக்கு அது கைரேகை மாதிரி. ஒரே நிமிடத்தில் சேர்த்துவிட்டேன். புதன்கிழமை பகல் சாப்பாட்டுக்குள் இருபது பறவைகளுக்கு வாய் கிடைத்தது. கீழ் அலகில் நம்பர் இருந்ததால் ஜோடி சேர்ந்ததும் பெயரும் வந்துவிட்டது.

இரண்டு மட்டும் நின்றுவிட்டன. இரண்டும் கனத்த அலகுகள். கீழ் அலகின் நம்பர்படி ஒன்று கலாபகோஸ் தீவுகளின் பெரிய தரைச்சிட்டு, இன்றும் இருக்கிறது. மற்றது கோனா என்ற ஹவாய்ச் சிட்டு. அழிந்து நெடுங்காலம் ஆகிறது. எந்த மேலை எந்தக் கீழோடு வைத்தாலும் கச்சிதமாகக் கடித்தது. நீலப் புள்ளியும் உதவவில்லை.

நசீர் வந்து பார்த்தார். "இருபது சேந்துருச்சு லா. அந்த ரெண்ட ஏதாச்சும் ஒண்ணுல ஒட்டுங்க ராஜிக்கா. தடி தடிதானே."

"தப்பா இருந்தா?"

"ஒண்ணு செத்துப்போன குருவி. அது வந்து 'வாய் சரியில்ல'ன்னு கம்ப்ளெய்ன் பண்ணவா போவுது?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு என்னுடனேயே தங்கிவிட்டது. லேபில் நான் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆள் திரும்பி வந்துவிடுவார். ஈறு வலிக்கிறது, பேசினால் கழன்று விழுகிறது என்று சத்தம் போடுவார். நானும் தேய்த்துச் சரிசெய்து கொடுப்பேன். என்னைத் திருத்தியவர்கள் அவர்கள்தான். இந்தக் கோனாவுக்குத் திரும்பி வர ஆள் இல்லை.

4. அண்ணம்

அன்று சாப்பிடும்போது தாரிணி எனக்கு உறவுமுறை சொன்னாள். ஃபின்ச் என்று பெயர் இருப்பதெல்லாம் ஒரே குடும்பம் இல்லையாம். ஹவாய்ச் சிட்டுகள் உண்மையான ஃபின்ச் வம்சம். எப்போதோ ஆசியப் பக்கமிருந்து கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த ஒரே மூதாதையின் பிள்ளைகள். ஊசி அலகும் அரிவாள் அலகும் இடுக்கி அலகும் கூடப்பிறந்தவை. கலாபகோஸ் சிட்டுகளும் தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவுச் சிட்டும் அமெரிக்கக் கண்டத்து வேறொரு குடும்பம். தின்னும் தீனி ஒன்றாக இருந்ததால் அலகு ஒன்றுபோல ஆகிவிட்டது.

"மொதல்ல ஆராய்ச்சி பண்ணவங்களே ஹவாய்க் குருவிய அலகப் பாத்து வேற வேற குடும்பத்துல போட்டாங்களாம் ஆண்ட்டி."

"அப்படின்னா நான் படிச்சவங்க பண்ண தப்பத்தான் பண்ணிருக்கேன்" என்றேன். இரண்டு நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

எனக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. என் செயற்கை முன்பல்லும் பக்கத்து வீட்டு ரொஹானியின் செயற்கை முன்பல்லும் வடிவத்தில் ஒரே மோல்ட் நம்பர், நிறத்தில் ஒரே ஷேட். அவர் செட்டை நானே செய்ததால் தெரியும். அதற்காக ரொஹானி என் தங்கையாகிவிடுவாரா? என் கூடப்பிறந்த தம்பிக்குப் பல் முறம்போல இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் அவனுக்கும் எனக்கும் அண்ணம் ஒரே மாதிரி, ஆழமாக, நடுவில் மேடு தட்டி. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இந்த இரண்டு நாளும் அலகை நான் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கை முழுவதும் அண்ணத்தைப் பார்த்தவள், ஒரு குருவியைக்கூடத் தலைகீழாகத் திருப்பவில்லை.

அசல் வார்ப்புகளை எடுத்து, விளக்கின் கீழ் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். மிஞ்சிய இரண்டில் ஒன்றில் அண்ணத்தின் இரு ஓரத்திலும் மெல்லிய எலும்புக் கீற்று ஒன்று பதிந்திருந்தது. மற்றதில் இல்லை. சரி, வித்தியாசம் உண்டு. எது யாருடையது?

பெயர் கிடைத்த இருபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். தாரிணி பட்டியலைப் படித்தாள்.

"கலாபகோஸ்."

"கீற்று இருக்கு."

"கஃப் தீவு."

"இருக்கு."

"அகெபா, ஹவாய்."

"இல்ல."

"அகியாபோலாவ், ஹவாய்."

"இல்ல."

கடைசிவரை மாறவில்லை. ஊசி அலகு, தடி அலகு என்ற பேதமே இல்லை. கலாபகோஸ், கஃப் என்றால் இருந்தது, ஹவாய் என்றால் இல்லை. கீற்று இல்லாத அந்தக் கனத்த மேல் அலகைக் கோனாவின் கீழ் அலகோடு சேர்த்தேன். கடி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஆனால் இப்போதுதான் எனக்கு மனசு ஒப்பியது. தாரிணி என் தோளைத் தட்டிவிட்டு, டேக்குகள் இருந்த கப்பை எடுத்துவந்தாள்.

5. வியாழக்கிழமை

சிங்கப்பூரிலிருந்து வரும் துவாஸ் பாலத்தில் ஜாம். வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் சார்பில் பார்வையிட வரவேண்டிய டாக்டர் ஓங் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். டேக்குகளை எல்லாம் திரும்பக் கட்டி வைத்திருந்தோம். "இனிமே எதுக்கு அக்கா சொல்லணும்? எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று நசீர் காதோடு சொன்னார். தாரிணி என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க ஆண்ட்டி. சைன் வச்சது நான், அத நான் பாத்துக்கறேன்" என்றாள். பயத்தோடுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

டாக்டர் ஓங் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார், நான் மலாயில் பதில் சொன்னேன். பெட்டியைத் திறக்குமுன்பே டேக்கை வெட்டியது நான் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். நீலப் புள்ளிகளைக் காட்டினேன். கனத்த இரண்டையும் கவிழ்த்துக் கொடுத்து, கீற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் லூப்பில் நெடுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ஏழெட்டை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் இருந்த படங்களோடு ஒப்பிட்டார். அந்த இருபது நிமிடமும் தாரிணி உட்காரவே இல்லை.

"சரியாக இருக்கிறது" என்றார் கடைசியில். இப்போதெல்லாம் வம்சத்தை மரபணு வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், ஆனால் அண்ணத்து எலும்பைப் பார்த்துப் பிரித்த காலமும் உண்டு என்றார். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"என் தம்பி வாய்" என்றேன்.

டேக்குகள் அவிழ்க்கப்பட்டதையும் திரும்பச் சேர்க்கப்பட்ட முறையையும் அறிக்கையில் எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லி, எழுதினார். கீழே என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். பெட்டி திரும்பிப் போகவில்லை. தாரிணிக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்து நிரந்தர வேலைக் கடிதமும் வந்தது. இரண்டையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறாள்.

எங்கள் பட்டறையில் இப்போது எந்த வேலையானாலும், பல்லியானாலும் புலியானாலும், ஒன்றுக்கு ஒரு பான். இளையவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் யாரையும் அழவைப்பதில்லை, என் கதையைச் சொல்கிறேன்.

கண்காட்சி திறந்த வாரம் என் கணவரோடு போய்ப் பார்த்தேன். கனத்த அலகு இரண்டும் அடுத்தடுத்த கண்ணாடிக்குள் இருந்தன. ஒன்றின் கீழே 'இன்றும் வாழ்கிறது' என்று எழுதியிருந்தது. மற்றதன் கீழே 'அழிந்துவிட்டது'. என் கணவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. மாத்தி வச்சிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியாது" என்றேன். "அதனாலதான் மாத்தி வைக்கல."