டொலேடோவில் நான் அணைத்த போன்

அமீரகத்தில், புஜைராவில் என் கணவருக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை. போன லீவுக்கு ஊருக்குப் போகாமல் பிள்ளைகளோடு ஸ்பெயின் போனோம். மாட்ரிட்டில் தங்கி, ஒருநாள் காலை ரயிலில் டொலேடோ என்ற பழைய கோட்டை நகரத்துக்குச் சென்றோம். இறங்கியதிலிருந்து அவர் போனும் காதுமாகவே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய தேவாலயத்தின் வாசலில், கையில் டிக்கெட்டோடு அரைமணி நேரம் காத்து நின்றோம். அவர் தெருவோரமாகப் பேசிக்கொண்டே இருந்தார். "டாடி ஆல்வேஸ் லைக் திஸ்," என்றாள் மகள். நேராகப் போய் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"கலாஸ், போதும்! ஒரு நாள் நீங்க இல்லாம உங்க சைட் நடக்காதா?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அவர் போனை என்னிடமிருந்து வாங்கி மறுபடி ஆன் செய்தார். "எங்க சைட் செல்வத்தோட கை மெஷின்ல மாட்டிக்கிச்சுடி. டாக்டர் பேசுற இந்தி அவனுக்குப் புரியல. நான்தான் தமிழ்ல சொல்லிட்டிருந்தேன்."

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"பிள்ளைங்க முன்னாடி வேணாம்னு பார்த்தேன்."

திரும்ப லைன் கிடைப்பதற்குள் அவனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டு விரல்கள் போயின. ஊருக்குக் கிளம்பும்முன் செல்வம் எங்கள் புஜைரா வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

"அன்னைக்குப் பாதியில லைன் கட்டாயிருச்சுக்கா. என்ன செய்யப் போறாங்கன்னே தெரியாம பயந்துட்டேன். அங்க சிக்னல் இல்ல போல," என்றான்.

கணவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். போனைப் பிடுங்கியதற்காகக்கூட என்னை மன்னித்துவிடுவேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால்தான் என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.