ஏழாம் எண் கல்

விடுதியின் இரும்புக் கதவைத் தாண்டி ஒரு மைல் நடந்த பிறகுதான் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுக்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. மார்பில் குத்தியிருந்த பித்தளைத் தகட்டில் ‘இயற்கை வல்லுநர்’ என்று பொறித்திருந்தது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் விடுதி முதலாளி. அவர் ஏற்காட்டுக்கு வந்தே இரண்டு வருடம் ஆகவில்லை. திரும்பிப் போக மனமில்லை. கார்த்திகைக் குளிரில் சட்டை சட்டைதான். தகட்டை மட்டும் பிடுங்கி உண்ணிப் புதருக்குள் எறிந்துவிட்டு நடந்தேன்.

அந்த விடுதியில் ஐந்து மாதம் இருந்தேன். அதற்கு முன் ஓசூரில் கோழிப்பண்ணை, அதற்கு முன் சேலத்தில் லாரி ஷெட். எங்கேயும் என்னை யாரும் வல்லுநர் என்று சொன்னதில்லை. படுக்க இடம், மூன்று வேளைச் சோறு, மேலே சம்பளம் என்றதும் சரி என்றுவிட்டேன். கோழி எருவின் நாற்றத்தோடு ஒப்பிட்டால் பட்டமெல்லாம் பெரிய தொல்லையாகத் தெரியவில்லை.

வேலை இதுதான். சனி, ஞாயிறு காலைகளில் விருந்தினர்களைப் ‘பாரம்பரிய நடை’க்கு அழைத்துப் போக வேண்டும். விடுதியிலிருந்து சேர்வராயன் கோயில் பக்கத்துப் புல்மேட்டில் ஏறி, காற்றுக்குக் குனிந்து கிடக்கும் அந்தப் புல்வெளியைக் குறுக்கே கடந்து, காப்பித் தோட்டங்கள் வழியாக மஞ்சக்குட்டைப் பக்கம் இறங்க வேண்டும். வருகிறவர்கள் மலையேறத் தேவையான எல்லாவற்றையும் கடையில் வாங்கி வந்திருப்பார்கள், மூச்சைத் தவிர. அதனால் எல்லாரும் புல்மேட்டோடு திரும்பிவிடுவார்கள், ஒருவரும் தோட்டங்கள் வரை இறங்கியதில்லை. புல்மேட்டில் மரம் கிடையாது. பனி இறங்கினால் முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. அதைப் பார்த்து, “இங்கே ஒன்றுமே இல்லையே” என்பார்கள். ஒன்றும் இல்லாத இடத்துக்குக் கதை எழுதி, பதினான்கு இடங்களை அடையாளம் காட்டி, முதலாளி ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தார். அதை எழுதிய அவருடைய மருமகன் மலையை ஒரே ஒரு முறை பார்த்திருந்தான், அதுவும் காருக்குள்ளிருந்து.

புல்மேட்டில் நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடிய பழைய சமாதி ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் அதைக் கல்லூடு என்பார்கள். களைத்து வரும்போதுகூட அதன்மேல் விறகுக்கட்டை இறக்கி வைக்க மாட்டார்கள். தாளில் அது ‘ஆதிமனிதரின் விருந்து மேசை’. அதைச் சுற்றி விருந்தினர்களை உட்காரவைத்து ஆரஞ்சுச் சாறு ஊற்றிக் கொடுத்தது நான்தான். சரிவில் ஒரு சிவந்த பள்ளம் இருக்கிறது. ஒரு காலத்தில் அலுமினியத்துக்காக மண் வெட்டிய இடம். தாளில் அது ‘அணைந்த எரிமலையின் வாய்’.

நான் விடுதியை விட்டு வந்த அன்று காலை ஒருவர், “இது கடைசியாக எப்போது வெடித்தது?” என்று கேட்டார். பள்ளத்துக்குள் இறங்கும் லாரித் தடத்தைக் காட்டி, “லாரி வந்த காலத்தில்” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. நாங்கள் விடுதிக்குத் திரும்புவதற்குள் அவருடைய புகார் முதலாளியின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“தாள்ல இருக்கறத மட்டும் சொல்லு. உன் மூளைக்கா சம்பளம் குடுக்கறேன்?” என்றார் முதலாளி.

“அது எரிமலை இல்லீங்க.”

“உனக்கு வேலையும் இல்ல, போ.”

வந்துவிட்டேன். மஞ்சக்குட்டையில் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் சேலம். குறுக்கு வழி என்பதால், நானே எண் போட்ட அந்த நடைவழியிலேயே இறங்கினேன்.

எண் போட்டது அதற்கு முந்தைய வாரம். பதினான்கு இடங்களுக்கும் பாறையில் வெள்ளைப் பெயிண்டால் ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்பு. பெயிண்ட் டப்பாவை மஞ்சக்குட்டையில் ஒரு பாய் கடையில் வாங்கினேன். “என்னுங்க, மலைக்கே வெள்ளையடிக்கப் போறீங்களா?” என்று சிரித்த பாய், எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் சிரிப்பை நிறுத்தினார். “கல்லுல வெள்ளை வச்சா இங்க ஆளுக சும்மா பாத்துட்டுப் போவ மாட்டாங்க. நாலு பேருகிட்டச் சொல்லிட்டு வைங்க.” நான் யாரிடமும் சொல்லவில்லை. தாள் படிக்கிறவனுக்குக் கடைக்காரர் பேச்சு எதற்கு?

ஏழாம் கல்லை நெருங்கும்போது காப்பிச் செடிகளுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. காட்டெருமையோ என்று நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கிளையின் அடியைப் பிடித்து நுனிவரை ஒரே இழுப்பாக உருவிக்கொண்டிருந்தாள். பச்சைக்காய், செங்காய், பழம், இலை எல்லாம் சேர்ந்து சாக்கில் சரளைக்கல் போல் விழுந்தன. காப்பியை யாரும் அப்படிப் பறிப்பதில்லை. பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். மிச்சத்துக்கு இன்னும் இரண்டு மூன்று முறை வர வேண்டும். பச்சைக்கு எந்த வியாபாரியும் கால் விலைகூடத் தர மாட்டான். ஏற்கெனவே மூன்று மூட்டை கட்டி வைத்திருந்தாள். சவுக்கு மரத்தடியில் ஒரு காலை நீட்டிக்கொண்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். காலில் மாவுக்கட்டு.

“ஏனுங்க, பச்சையப் போயி உருவறீங்களே?” என்றேன்.

“பழுக்கற வரைக்கும் உடுவாங்களா?” என்றாள், கையை நிறுத்தாமல். “அவங்க வர்றதுக்குள்ள கெடச்சது கெடைக்கட்டும்.”

“யாருங்க வர்றது?”

“முன்னால கல்லு நிக்குது, யாருன்னு கேக்கறீங்க. ஏழுன்னு நம்பரு போட்டிருக்குதில்ல? அம்பு எங்க தோட்டத்தத்தான காட்டுது?”

அவர்களுடைய தாத்தா காலத்தில் எஸ்டேட் வேலைக்காகக் கீழிருந்து மேலே வந்த குடும்பம். எஸ்டேட் வேலிக்கு வெளியே கல் பொறுக்கி, செடி நட்டு, அரை ஏக்கருக்கும் குறைவான அந்த இடத்தை உண்டாக்கியிருந்தார்கள். பட்டா கிடையாது. ஆடியில் மிளகுக்கொடி கட்ட ஏறிய ஏணியிலிருந்து விழுந்து கணவரின் கால் இரண்டு இடத்தில் உடைந்ததிலிருந்து வீட்டுக்கு வரும்படி என்றால் இந்தக் காப்பி ஒன்றுதான். மலையில் நிலம் அளக்க வருகிறவர்கள் முதலில் கல்லில்தான் வெள்ளை வைப்பார்கள். காகிதம் இல்லாதவர்களுக்கு அந்த வெள்ளையே காகிதம்.

“எஸ்டேட் ரைட்டரக் கேட்டமுங்க,” என்றார் கணவர். “நம்பரு போட்டா அளந்தாச்சுன்னு அர்த்தம், நோட்டீசு வர்றதுதான் பாக்கின்னாரு.”

எஸ்டேட்டில் கணக்கெழுதும் அந்த ரைட்டருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் செடியில் கை வைத்திருக்க மாட்டாள். சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வருவதில்லை.

“எந்தப் பாவி வச்சானோ,” என்றாள் அவள். “அந்தக் கை சோத்த அள்ளக்கூடாதுங்க.”

என் நகக்கண்ணில் அந்த வெள்ளை இன்னும் இருந்தது. பேசாமல் போயிருந்தால் பஸ் கிடைத்திருக்கும். அவள் அடுத்த செடிக்குப் போனாள். முக்கால்வாசித் தோட்டம் இன்னும் பாக்கி இருந்தது.

“நான்தாங்க வச்சேன்,” என்றேன். “அளக்கறதுக்கு இல்லீங்க. விடுதிக்கு வர்றவங்க நடக்கறதுக்கு.”

“எங்க போறதுக்கு நடக்கறாங்க?”

“எங்கயும் இல்லீங்க. சும்மா நடக்கறது. அதுக்குப் பணம் கட்டறாங்க.”

அவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கணவர், “எங்காலு சரியாவட்டும், நானும் நடக்கறேன் சாமி. ஆளுக்கு எவ்வளவு தருவாங்க?” என்றார்.

“தர மாட்டாங்க, வாங்குவாங்க.”

“பொய்யி,” என்றாள் அவள். “சட்டையப் பாருங்க, காக்கி. பறிக்காம இருக்கச் சொல்லி ஏமாத்தறதுக்கு ஆளு அனுப்பிச்சிருக்காங்க. நான் நிறுத்த மாட்டேன்.” மறுபடியும் கிளையைப் பிடித்தாள்.

பையிலிருந்து தாளை எடுத்துக் கணவரிடம் கொடுத்தேன். அவர் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்: “எண் ஏழு. மலைமக்களின் தொன்மையான காப்பித் தோட்டம். காலம் மாறாத கைகள் கனி கொய்வதைக் கண்டு மகிழலாம்.” பிறகு அவளைப் பார்த்தார். “ஏ புள்ள, காலம் மாறாத கை உன்னுதுதானாட்ட இருக்குது. உன்னயப் பாக்கத்தான் வர்றாங்களாம்.”

“என்னயப் பாக்கவா?”

“ஆமா. நீ என்னத்தப் பண்ணுவீன்னு கூட எழுதியிருக்குது.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தாளை வாங்கி ஏழு என்ற எண்ணைப் பார்த்தாள். அந்த ஓர் எழுத்து அவளுக்குத் தெரிந்திருந்தது. பாறையைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு சாக்கிலிருந்து ஒரு கை பச்சைக்காயை அள்ளி என் மார்பில் எறிந்தாள். வலித்தது.

“நீ வெளையாட எங்க தோட்டந்தான் கெடச்சுதா? இத்தனையும் செடியில திரும்ப ஒட்ட வச்சுட்டுப் போ.”

“உடு புள்ள, ஒத்துக்கிட்டானில்ல,” என்றார் கணவர். “ரைட்டரு வந்து ஒத்துக்குவாரா?”

“ஒத்துக்கிட்டா காயி பழுத்துருமா?”

அவள் இடுப்பிலிருந்த சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டாள். உருவாத செடிகள் தப்பின. அது என் நேர்மையால் அல்ல, மருமகனின் தமிழால்.

“அந்த ஏழ அழிச்சுட்டுப் போ,” என்றாள்.

எனாமல் பெயிண்ட் லேசில் போகாது. ஈர மணலை வைத்துத் தேய்த்தேன், பிறகு அவள் கொடுத்த மொண்ணை அரிவாளால் சுரண்டினேன். பாதி ஏழு போயிருந்தபோது கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முடித்துவிட்டு, தோட்டங்களை ஒட்டியிருந்த மற்ற கற்களுக்கும் போனேன். எட்டாம் கல்லில் யாரோ சாணியை அப்பி எண்ணை மறைத்திருந்தார்கள். பதினொன்றாம் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் உருட்டிவிட்டிருந்தார்கள். என்னைவிட விவரமானவர்கள். விடுதிப் பக்கத்துக் கற்களை அப்படியே விட்டுவிட்டேன். அங்கே ஓர் எண்ணைப் பார்த்துப் பயப்பட யாரும் இல்லை.

அரிவாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் மூட்டைகளை ஓலையால் மூடிக்கொண்டிருந்தாள். “காலைல வந்து பிரிச்சுக் குடு,” என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். “செவப்பு தனி, பச்சை தனி. மத்தியானம் யாவாரி வண்டி வந்துரும், அதுக்குள்ள முடியோணும். கூலி எல்லாருக்கும் குடுக்கறதுதான். அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு வராத.”

பாய் கடையின் பின்னால் உப்பு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ள இடம் கிடைத்தது. “அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா?” என்று ஒரு முறை கேட்டார். ஒரு முறைதான் கேட்டார், அதற்காகவே அவரைப் பிடித்தது.

காலை ஆறரை மணி பஸ் வந்து நின்றது. சேலத்தில் எனக்கு வேலை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. என்னிடம் வேறு சட்டையும் இல்லை. காக்கியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். அவள் என் சட்டையின் தையல் ஓரங்களைப் பார்த்தாள். தார்ப்பாயை விரித்து முதல் மூட்டையைக் கொட்டினாள். கணவர் கட்டுப்போட்ட காலை ஒரு பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“வா சாமி, காலம் மாறாத கை,” என்றார்.

நான் உட்கார்ந்து ஒரு கை அள்ளினேன். சிவப்பு நான்கு இருந்தது, மிச்சமெல்லாம் பச்சை.